முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

இரண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, என் கணவர் அசோக்கின் முகத்தில் ஒரு விநாடி சந்தோஷம் வந்து போனதை நான் பார்த்தேன். இல்லவே இல்லை என்று அவர் சத்தியம் செய்கிறார். இருபத்தோரு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

குரல் நாணில் ஒரு சின்ன முடிச்சு. வெட்டி எடுத்துவிட்டார்கள். கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பேசலாம், ஆனால் பொங்கல் வரைக்கும் எதையும் சத்தமாக வாசிக்கக் கூடாது. நானோ கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிட்டு அடுத்த நிமிஷம் காபி போடுகிற ஆள். அந்தப் பதினாலு நாளும் என் கோபத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி எழுதிக் காட்டினேன். எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். அதைவிட எரிச்சல் உலகத்தில் வேறு இல்லை.

முடிச்சு வந்ததற்குக் காரணம் என் வாசிப்புதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு பெண் தடிப் புத்தகம் ஒன்றை என் பக்கம் நீட்டி, “அக்கா, இது மேல இன்னா எழுதிக்கீது?” என்று கேட்டாள். கையில் வெள்ளைக் கோல். சமூக அறிவியல் என்று படித்துச் சொன்னேன். “கல்வி உளவியல் கேட்டேங்க்கா. கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்றாள். எனக்கு வந்ததே கோபம். அவளையும் இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய், கடைக்காரனை ஒரு பிடி பிடித்து, புத்தகத்தை மாற்றிக் கொடுத்தேன். அவள்தான் ரேஷ்மா. ஆறு வயதில் பார்வை போனது. பி.எட். முடித்திருக்கிறாள். அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஆக வேண்டும், அதற்கான தேர்வில் ஜெயிக்க வேண்டும், அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

போன் தானாகவே படித்துக் காட்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். எழுத்தாக இருந்தால் படிக்கும். இந்தத் தமிழ்ப் புத்தகங்களோ யாரோ படம் பிடித்துப் போட்ட பக்கங்களாகத்தான் கிடைக்கின்றன. அவற்றை அந்தப் போன் படித்ததைக் கேட்டேன், கந்தரகோளமாக இருந்தது. சரி, நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நூம்பலில் எங்கள் ஃபிளாட்டின் படுக்கையறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க, வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு மணி நேரம். ரேஷ்மாவிடமிருந்து அவள் தோழிகளுக்குப் போய், கேட்பவர்கள் பன்னிரண்டு பேர் ஆனார்கள். பதினெட்டுப் புத்தகங்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்.

இத்தனையையும் எங்கே வைப்பது? இணையத்தில் வைக்கும் இடங்களில் உள்ளே போவதற்கே, பஸ் இருக்கும் படங்களைத் தொட்டுக் காட்டு என்று கேட்கிறார்கள். “பஸ்ஸ நான் சத்தத்துலதான்க்கா கண்டுபுடிப்பேன்” என்று ரேஷ்மா சிரித்தாள். அதனால் அசோக் எங்கள் பழைய லேப்டாப்பை டி.வி.க்குக் கீழே வைத்து, அதில் ஒரு வெளி டிஸ்க்கைச் செருகி, பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டிலிருந்தே உள்ளே வந்து கேட்கிற மாதிரி செய்து கொடுத்தார். மூன்று வருஷமாக அது இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு விஷயத்துக்காக அசோக்கைப் பற்றி நான் குறை சொல்லவே கூடாது. ஆனால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

சித்திரை மாதமே அவர் சொன்னார், “டிஸ்க் பழசாயிடுச்சு கோமு, புதுசா ஒரு சர்வர் வாங்கி வெச்சிடணும்” என்று. நல்லது, வாங்குங்கள் என்றேன். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவருக்குக் கம்ப்யூட்டர் வாங்கத் தெரியும் என்று யாரும் நினைக்காதீர்கள். பதினான்கு பத்திகள் போட்டு ஒரு அட்டவணை. எத்தனை டிஸ்க் போடலாம், எத்தனை வாட் இழுக்கும், எவ்வளவு சூடாகும், நினைவகம் தன் பிழையைத் தானே திருத்துமா, எல்லாம் அதில் உண்டு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு புதுப் பெட்டி அட்டவணையில் ஏறும், பழையது ஒன்று இறங்கும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி ஆறுவதற்குள் சரி என்று சொன்ன மனுஷர் இவர். ஒரு பெட்டிக்கு ஐந்து மாதம் ஆகியும் சரி சொல்லவில்லை.

புரட்டாசியில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. ஐந்தாம் நாள் ஆயுத பூஜை வந்தது. முந்தைய இரண்டு வருஷமும் பண்டிகைக்கு விருதுநகரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். இந்த வருஷம்தான் இங்கே. வாயைக் கட்டிவிட்டார்களே, கையாவது வேலை செய்யட்டும் என்று வீட்டில் இருக்கிற கருவி ஒன்று விடாமல் துடைத்தேன். ஸ்கூட்டி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல், நான் வாசிக்கிற மைக். டி.வி.க்குக் கீழே குனிந்தபோது அசோக் ஓடி வந்தார்.

“அத மட்டும் விட்டுடு கோமு. ஓடிட்டே இருக்கட்டும். பழைய டிஸ்க், நின்னா மறுபடி சுத்துமான்னு சொல்ல முடியாது.”

பேச முடிந்திருந்தால் பத்து நிமிஷம் சண்டை போட்டிருப்பேன். அவர் விளக்கியிருப்பார், நான் இறங்கி வந்திருப்பேன். எங்கள் வீட்டில் எல்லா முடிவும் அப்படித்தான் நடக்கும். அன்றைக்கு அது முடியவில்லை. “சாமிக்கு வைத்த பொருள் வேலை செய்யலாமா? ஸ்கூட்டி நிற்கவில்லையா, மிக்ஸி நிற்கவில்லையா?” என்று நோட்டில் எழுதிக் காட்டிவிட்டு, லேப்டாப்பை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். அதையும் டிஸ்க்கையும் ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பொரி கடலையோடு சேர்த்துச் சாமிக்கு முன்னால் வைத்தேன். கற்பூரம் காட்டும்போது அசோக் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் குளித்துவிட்டு நானே பிளக்கைச் செருகினேன். லேப்டாப் எழுந்தது. டிஸ்க் மட்டும் பல்லி சொல்வதுபோல டிக் டிக் என்றது. நிறுத்திவிட்டுப் போட்டேன். டிக் டிக். ஏழு மணிக்கு அசோக்கின் போனில் ரேஷ்மா. “சார், லிஸ்ட்டே வரமாட்டேங்குது. ஆயுத பூஜன்னு ஆஃப் பண்ணிகீறீங்களா?”

அவளுக்குப் பரீட்சை ஒன்பது வாரத்தில். நான் வாசித்ததெல்லாம் அந்த டிஸ்க்கைத் தவிர வேறு எங்கும் இல்லை. போனில் இடம் போதாது என்று பதிவு செய்ததை ஏற்றியவுடன் அழித்துவிடுவேன். இன்னொரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது அசோக்கின் திட்டம், அது அட்டவணையில் இருபத்து மூன்றாவது வரிசையில் இருந்தது. மறுபடி வாசிக்கலாம் என்றால் பொங்கல் வரைக்கும் சத்தமாக வாசிக்கக் கூடாது. அந்தப் பெண்ணின் படிப்பு முழுவதும் என் கையால் சந்தனம் பூசி நின்றுபோயிருந்தது.

அசோக் டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, “கிளம்பு, பூந்தமல்லி போயிட்டு வந்துடலாம்” என்றார். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இப்போது நினைத்தால் அந்த மௌனத்துக்காகவே அவருக்குக் காலத்துக்கும் நன்றி சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அமல்ராஜின் கடை. கம்பெனிகள் கழித்துப் போடுகிற கம்ப்யூட்டர்களை மொத்தமாக எடுத்து, சரிசெய்து விற்கிறவர். அன்று விடுமுறை மாதிரிதான், இருந்தும் புதுக் கணக்கு நாள் என்று கடையைத் திறந்து வைத்திருந்தார். எங்கள் டிஸ்க்கைக் கையில் வாங்கினார். கம்பியைச் செருகி, நாலு தரம் டிக் டிக் கேட்டார். மேலே இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார்.

“எத்தினி வருசம் நிக்காம ஓடிச்சு?”

“மூணு” என்றார் அசோக்.

“மூணு வருசம் சூட்டுலயே சுத்திகினு இருந்துச்சு. ஒரு நாள் நின்னு குளுந்து போச்சு, அவ்ளோதான். உள்ள படிக்கிற முள்ளு சுத்தற தட்டு மேல ஒட்டிகினு கீது சார். நான் தொறந்தன்னா இருக்கறதும் பூடும். பெரிய லேபு எதுக்காவது அனுப்பலாம். வந்தாலும் வரும், வராமலும் பூடும். எப்டியும் ரெண்டு மாசம் ஆவும்.”

இரண்டு மாதம். நான் அங்கே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அமல்ராஜ் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். நான் நோட்டில் ‘என்னால்தான்’ என்று எழுதி அவரிடம் காட்டினேன். ஏன் அவரிடம் காட்டினேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

அப்போது வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ரேஷ்மா கோலைத் தட்டிக்கொண்டு படியேறினாள். காலையிலேயே அசோக் அவளிடம் போனில் விஷயத்தைச் சொல்லி, கடையின் பெயரையும் சொல்லியிருக்கிறார்.

“அக்கா கீறாங்களா?” என்றாள். அசோக் அவள் கையை என் தோளில் எடுத்து வைத்தார். தோள் குலுங்குவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. “ஐய, இதுக்குப் போயி ஏன்க்கா அழுவுற?” என்று சொல்லிக்கொண்டே பர்ஸைத் திறந்து, நகம் அளவு மெமரி கார்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“எங்க ஊட்டாண்ட சிக்னல் வரும், போவும். அதனால ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பஸ் ஸ்டாண்டாண்ட வந்து குந்திகினு அந்த வாரத்துது எல்லாத்தையும் எறக்கிக்குவேன். இதுல கீது பாருங்க.”

அமல்ராஜ் கார்டை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டார். வரிசை வரிசையாக என் குரல் திரையில் இறங்கியது. ஒன்றைத் தட்டினார். ‘பாடம் ஒன்று’ என்று நான் ஆரம்பிக்கிறேன், பின்னால் எங்கள் குக்கர் விசில் அடிக்கிறது. வாயைத் திறந்து கத்தியிருப்பேன், அசோக் கையைப் பிடித்து அழுத்தினார். நான் ரேஷ்மாவைக் கட்டிக்கொண்டேன்.

எண்ணிப் பார்த்ததில் நான்கு பாடங்கள் மட்டும் குறைந்தன. கல்வி உளவியல் புத்தகத்தில் நான் கடைசியாக வாசித்தவை. கார்டு நிரம்பிவிட்டதால் அவற்றை இறக்காமல் நேராகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “அத்த அப்பால பாத்துக்கலாம்” என்றாள். “மொதல்ல இந்தக் கார்டு தொலையறதுக்குள்ள வேற எதுலயாவது போட்டு வெய்ங்க சார்.”

அசோக் உடனே பையிலிருந்து அட்டவணையை எடுத்தார். நான்கு டிஸ்க் போடுகிற பெட்டி, பதினாறு டெராபைட், பிழை திருத்தும் நினைவகம் என்று வாசிக்க ஆரம்பித்தார். அமல்ராஜ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வெக்கப் போற ஜாமான் எவ்ளோ கீது சார்?”

அசோக் அட்டவணையைப் பார்த்தார். பதினான்கு பத்திகளில் அந்தப் பத்தி இல்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நோட்டில் ‘312 மணி நேரம்’ என்று எழுதி நீட்டினேன். அமல்ராஜ் திரையைப் பார்த்தார்.

“மொத்தமும் இருவது ஜிபி கூட வரல. நம்ம போன்ல எடுத்துகினு போற சைஸு. நீங்க பதினாறாயிரம் ஜிபிக்குப் பெட்டி தேடறீங்க. ரெண்டு தட்டுமுட்டு சாமானுக்கு ஏன் சார் லாரி?”

அசோக்குக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. விலை கூடின பெட்டியைத் தலையில் கட்டி அனுப்பியிருக்கலாம், நாங்கள் வாங்கியிருப்போம். அமல்ராஜ் அப்படிச் செய்யவில்லை. அந்த மனுஷரை நான் அன்றிலிருந்து வாரம் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன்.

“உங்களுக்குப் பெருசு வாணாம், ரெண்டு வோணும்” என்றார் அமல்ராஜ். “ஒண்ணு உங்க ஊட்ல, ஒண்ணு வேற ஊட்ல. ஒரே பெட்டில நாலு டிஸ்க் போட்டாலும், ஊட்ல தண்ணி பூந்துச்சின்னா நாலும் ஒண்ணாத்தான் நனையும். சுத்தற டிஸ்க்கே வாணாம். சுத்தாத டிஸ்க் போட்டுர்றேன். அடுத்த ஆயுத பூஜைக்கு யக்கா தாராளமா ஆஃப் பண்ணிக்கட்டும்.”

வேறு வீடு என்றால் எது என்று யோசிக்கவே இல்லை. ரேஷ்மாவின் வீடுதான். அதனால் பெட்டியை அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று எழுதிக் காட்டினேன். அமல்ராஜ் மூன்று நான்கை மேஜையில் பரப்பினார். வழவழவென்று புதிதாக ஒன்று இருந்தது, இதற்கென்றே கடைகளில் விற்பது, யாரோ வாங்கி உடனே மாற்றிவிட்டுப் போனது. ரேஷ்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

“பட்டன் எங்க கீது?”

“டச்சும்மா. லேசா தொட்டாலே ஆன் ஆயிரும்.”

“தடவிப் பாக்கும்போதே ஆஃப் ஆயிட்டா? ஆன் ஆச்சா இல்லியான்னு எப்டித் தெரியும்?”

“பச்ச லைட் எரியும்” என்று சொல்லிவிட்டு அமல்ராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அசோக் என்னைப் பார்த்தார். அட்டவணையில் அந்தப் பத்தியும் இல்லை. நானும்தான் நினைக்கவில்லை. நான்கு வருஷமாக அவளுக்கு வாசிக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டவள், எனக்கும் இது தோன்றவில்லை.

கடைசியில் ரேஷ்மாவின் கை ஒரு கறுப்புப் பெட்டியில் நின்றது. ஏதோ ஆபீஸ் மேஜையில் கிடந்து வந்தது, பெரிய டிபன் பாக்ஸ் அளவுதான். முன்னால் மேடாக ஒரு பட்டன். அழுத்தினாள், டக் என்று உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து பீப் என்று ஒரு சத்தம்.

“இது பேசுது சார்” என்றாள்.

அமல்ராஜுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “இத்த நான் உனக்கேத்த மாரி செஞ்சி தர்றேன். ஆன் ஆயி ரெடியாச்சின்னா ஒரு பீப்பு. நூம்பல்ல கீற பெட்டிகூட ஒரு நாள் முழுக்கப் பேச முடியலன்னா மூணு பீப்பு. மூணு கேட்டா சாருக்குப் போன் போடு.” அதேபோல இன்னொன்று எங்களுக்கு. இரண்டுக்கும் கரண்ட் போனால் தாங்குகிற சின்ன பேட்டரி. அரை மணி நேரத்தில் முடிந்தது. ஐந்து மாத வேலையை அரை மணியில் முடித்த பெண்ணை அசோக் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளும் ஓடின. குறைந்த நான்கு பாடங்கள்தான் மீதி. அசோக் வாசிக்கட்டும் என்று நான் எழுதினேன். அதற்குள் ரேஷ்மாவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“அந்த நாலையும் நான் ஏழெட்டு வாட்டி கேட்டுட்டேன்கா. எனக்கு மனப்பாடம். நானே சொல்லிர்றேன், போன்ல புடிச்சிக்கலாம். மத்தவங்களுக்கு அது போதும். நீ புக்க வெச்சிகினு பாரு, தப்பா சொன்னா டம்ளர்ல தட்டு.”

படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். நான் வாசிக்கிற இடத்தில் அவள். எதிரே நான், மடியில் புத்தகம், கையில் ஸ்பூன், பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர். அசோக் போனைப் பிடித்துக்கொண்டார். ரேஷ்மா ஆரம்பித்தாள். கரையான்சாவடிப் பேச்சு எங்கோ போய்விட்டது. அச்சில் இருக்கிற தமிழ் அப்படியே வந்தது. நான் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டாள், நான் அழுத்திச் சொல்கிற இடத்தில் அழுத்திச் சொன்னாள். முதல் பாடம் முழுவதும் நான் ஸ்பூனைத் தொடவே இல்லை. இரண்டாவதில் ஒரே ஒரு தரம், ஏதோ ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னதற்காக. அவளே உடனே திருத்திக்கொண்டாள்.

மூன்றாவது பாடத்தின் நடுவில்தான் அது நடந்தது. வாசிக்கும்போது என் கண் வரியிலேயே இருக்கும், வேறெதையும் பார்க்காது. இப்போது வாய்க்கு வேலை இல்லாததால் விரலுக்குப் புத்தி வந்திருந்தது. ஒரு தாளைப் புரட்டும்போது அது தடியாக இருந்தது. பார்த்தேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் முற்றுப்புள்ளியோடு முடிந்தது. புரட்டினால் நூற்று நாற்பத்து ஆறு, புதுத் தலைப்போடு ஆரம்பித்தது. ரேஷ்மா ஒரு தடங்கலும் இல்லாமல் அங்கிருந்து இங்கே தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

டம்ளரில் தட்டினேன். அவள் நிறுத்தினாள்.

“இன்னாக்கா? நான் எதையும் வுடல. நீ இப்டிதான் படிச்ச.”

ஆமாம். நான் இப்படித்தான் படித்திருந்தேன். அச்சகத்தில் மடித்த தாளின் ஓரத்தை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு தாள்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. காய் நறுக்கும் கத்தியைக் கொண்டு வந்து மடிப்பை அறுத்தேன். உள்ளே இரண்டு பக்கங்கள், அச்சு மை வாசனையோடு, யாரும் பார்க்காமல். அசோக் எட்டிப் பார்த்துத் தலைப்பை வாசித்தார். “நுண்ணறிவுச் சோதனைகள்.”

ரேஷ்மா மெதுவாகச் சொன்னாள்.

“போன பரீட்சைல அதுலேர்ந்து ரெண்டு கேள்வி வந்துச்சு. நம்ம புக்குல அது இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்கா.”

நான் வாசிக்காத பக்கம் அவளுக்குப் புத்தகத்திலேயே இல்லாத பக்கம். அந்தப் பழைய டிஸ்க் சுகமாக ஓடிக்கொண்டிருந்தால், நான் விட்டதை விட்டபடியே பத்திரமாக வைத்திருக்கும். அவளும் அதைக் கேட்டுக்கொண்டே பரீட்சை மண்டபத்துக்குப் போயிருப்பாள். சந்தனம் வைத்து நிறுத்திய என் கையையே அதுவரை சபித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தச் செத்துப்போன டிஸ்க்குக்கு மனதார நன்றி சொன்னேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

டாக்டராவது ஒன்றாவது என்று புத்தகத்தை எடுத்து, வாசிக்க வாயைத் திறந்தேன். மூச்சை உள்ளே இழுத்த சத்தம் ரேஷ்மாவுக்குக் கேட்டுவிட்டது. எட்டித் தடவி என் வாயைக் கண்டுபிடித்து, உள்ளங்கையால் பொத்தினாள்.

“உன் தொண்ட எனக்கு இன்னும் பத்து வருசத்துக்கு வோணும். வாயத் தொறந்தன்னா நான் ஊட்டுக்குப் போயிருவேன். சார் படிக்கட்டும்.”

அசோக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆபீஸில் மெயில் வாசிப்பதுபோல ஒரே மூச்சில் ஓட்டினார். “கமா வந்தா கொஞ்சம் நில்லுங்க சார்” என்றாள் ரேஷ்மா. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. நான் அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்கு ஒரு பயம் வந்தது. பதினெட்டுப் புத்தகங்களில் இந்த ஒன்றில் மட்டும்தானா? அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்பினேன். என்ன செய்கிறேன் என்று அசோக் சொன்னதும் ரேஷ்மாவும் சேலையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். நான்கு வருஷமாக அவள் காதில் கேட்ட மற்ற புத்தகங்களை அன்றைக்குத்தான் கையில் வாங்கினாள். எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடி, ஒவ்வொரு தாளாகத் தள்ள ஆரம்பித்தாள். நான் ஒரு புத்தகம் முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்தாள்.

நான்காவதில் அவள் விரல் நின்றது. முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, மறுபடி நெருடிப் பார்த்தாள்.

“அக்கா, தோ இங்க ஒண்ணு தடியா கீது.”

கத்தியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அசோக் போனைச் சரிபார்த்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.